பயிற்றங்காய்க் கார்

முதல் பெரும்பனி கொட்டிய திங்கட்கிழமை காலை, ஸ்காபரோவில் எங்கள் மாடிக்கட்டடத்துக்கு முன்னால் இருக்கும் பஸ் தரிப்பில் வைத்து, லோசினி அக்காவின் பழைய ஹைபிரிட் காருக்கு ஆறாவது சீற் முளைத்தது. முளைத்தது என்றுதான் நாங்கள் அன்றைக்குச் சொன்னோம், இன்றைக்கும் அப்படியேதான் சொல்கிறோம். குழந்தைக்குப் பல் முளைத்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, எத்தனையாவது என்றுதான் கேட்பார்கள். நாங்களும் அப்படித்தான் கேட்டோம்.

லோசினி அக்காவின் முழுப்பெயர் பத்மலோசினி. ஐம்பதைத் தாண்டியவர், குள்ளமானவர், ஸ்டியரிங்குக்கு மேலால் றோட்டைப் பார்ப்பதற்காகச் சீற்றில் இரண்டு குஷன் அடுக்கி அதற்கு மேல் ஏறி இருப்பவர், சிரித்தால் கண்ணாடி அதிரும். நகரத்துக்கு வடக்கே ஹார்லோ என்ற சின்ன ஊரில் உள்ள பாண் சுடும் தொழிற்சாலையில் அவருக்கும் வேலை, எனக்கும் வேலை, எங்கள் கட்டடத்தில் பாதிப்பேருக்கும் வேலை. வெயில் நாளில் ஒன்றரை மணித்தியால ஓட்டம், பனி நாளில் எவ்வளவு என்று வைரவருக்குத்தான் தெரியும். முன்பு தொழிற்சாலையே எங்களுக்கு ஒரு பஸ் விட்டிருந்தது. இலையுதிர்காலத்தில் புது மனேஜராக வந்த நிமலன் அதை நிறுத்திவிட்டான். இங்கேயே வளர்ந்த எங்கள் பிள்ளைதான், முப்பத்தைந்து வயது இருக்கும், காலில் நல்ல சப்பாத்துப் போடுவான். "எல்லாரிட்டையும் கார் இருக்குத்தானே ஆன்ரி" என்று சிரித்த முகத்தோடு சொல்லி நிறுத்தினான். எல்லாரிடமும் கார் இருக்கவில்லை. சிலர் வேலையை விட்டார்கள், சிலர் யாரையாவது கெஞ்சிப் பிடித்தார்கள், நாங்கள் நாலு பேர் லோசினி அக்காவின் காரில் ஏறிக்கொண்டோம்.

அந்தக் கார் முன்பு ஒரு டாக்ஸியாக ஓடி, இந்த உலகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாலும் தீராத தூரத்தை ஓடி, ஓய்வு எடுக்க வேண்டிய வயதில் லோசினி அக்காவிடம் வந்து சேர்ந்தது. பயறு நிறம், வெயிலிலும் உப்பிலும் வெளிறிய பயறு. மெல்ல ஓடும்போது எஞ்சின் நித்திரை கொள்ளும், பற்றறியில் சத்தமில்லாமல் போகும், வேகம் எடுத்தால் எஞ்சின் எழும்பும், பிறேக் பிடித்தால் அந்தப் பிடித்த வேகமெல்லாம் திரும்பப் பற்றறிக்குள் போய்ச் சேரும். பிறேக்கில் சாப்பிடுற கார் என்பார் அக்கா. ஆனால் பற்றறிக்கு வயதாகிவிட்டது. குளிர் பட்டால் அதற்குச் சாப்பாடு இறங்காது, சிவப்பு முக்கோணம் எரியும், வீதியோரத்தில் நின்று பெருமூச்சு விடும்.

"இந்தக் குளிரை இது தாண்டாது அக்கா" என்று மெக்கானிக் அன்ரன் ஒக்டோபரிலேயே சொல்லிவிட்டான்.

"தாண்டும். நீர் தாண்டப் பண்ணும்" என்றார் அக்கா.

அந்தத் திங்கட்கிழமை காரில் நாங்கள் ஐந்து பேர். ஸ்டியரிங்கில் அக்கா. பக்கத்தில் விமலநாதன் அண்ணை, மாக்குழைக்கும் மெஷினில் நிற்பவர், முழங்கால் நோவு என்று சொல்லி முன் சீற்றை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர். பின்னால் வதனா ஆகிய நானும், என்னோடு பொதிகட்டும் பகுதியில் நிற்கும் அக்கா தங்கச்சி இரண்டு பேரும். பஸ் தரிப்பில் அக்கோசுவா நின்றாள். கானா நாட்டுக்காரி, எங்கள் தொழிற்சாலையில் பாண் வேகும் போறணைப் பக்கம் வேலை, எங்களோடு நின்று நின்று தமிழ் பழகியவள். அவளைக் கூட்டிப்போகும் ஆள் வேறு ஊருக்குப் போய்விட்டான் போலிருக்கிறது. இமையில் பனி கட்டி, வராத பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நிப்பாட்டாதேங்கோ" என்றார் விமலநாதன் அண்ணை. "நிப்பாட்டினா இடமில்லை எண்டு சொல்லவேணும், அது இன்னும் பாவம்."

"இடமில்லை எண்டதையாவது முகத்தைப் பாத்துச் சொல்லுவம்" என்று சொல்லி அக்கா நிறுத்தினார்.

கதவைத் திறந்தார். எங்களுக்குப் பின்னால், சாமான் வைக்கும் இடம் இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஒரு சீற் இருந்தது. எங்கள் சீற்றைப் போலவே சாம்பல் துணி, எங்கள் சீற்றைப் போலவே ஓரத்தில் ஒரு தேத்தண்ணிக் கறை, பெல்ற், தலைக்கு வைக்க ஒரு சின்னத் தலையணை. அக்கோசுவா உள்ளே ஏறி, "குளிர் அக்கா, சரியான குளிர்" என்று தமிழில் சொல்லி, பெல்ற்றைப் போட்டுக்கொண்டாள். கார் கிளம்பியது. ஹைவேயில் ஏறினோம். பிறகு விமலநாதன் அண்ணை கழுத்தைத் திருப்பி, பின்னால் ஒருமுறை எண்ணிப் பார்த்து, திரும்பவும் எண்ணிப் பார்த்து, "பெல்ற் இருக்கோ?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றேன்.

"அப்ப சரி" என்றார்.

அவ்வளவுதான். அடுத்த நாள் இன்னொருத்தி நின்றாள், இன்னொரு சீற். அதற்கடுத்த நாள் நேபாளத்துப் பெடியன்கள் இரண்டு பேர் நின்றார்கள், ஒரு முழு வரிசை. கிறிஸ்மஸ் வருவதற்குள் காருக்கு வரிசை வரிசையாய் சீற் முளைத்து, இரண்டு வரிசைக்கு ஒரு கதவு முளைத்து, நடுவில் ஓராள் சரிந்து நடக்கக்கூடிய ஒடுங்கிய பாதை முளைத்து, முன் விளக்கு ஒரு தெருவிலும் பின் விளக்கு இன்னொரு தெருவிலும் நிற்கும் அளவுக்கு அது நீண்டுவிட்டது. மூலையில் திரும்பும்போது முறியாமல் வளைந்து வளைந்து திரும்பும். பச்சையாய், நீளமாய், வளைவாய் இருந்ததால் யாரோ பயிற்றங்காய் என்றார்கள், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அக்கோசுவாவின் வாயில் அது "பைத்தங்கா" ஆனது, நேபாளத்துப் பெடியன்கள் வாயில் வேறு ஏதோ ஆனது, எல்லாம் அந்தக் காரைத்தான் குறித்தது.

கட்டடத்தில் இருந்தவர்கள் இதை எடுத்துக்கொண்ட விதம்தான் எனக்கு இன்றைக்கும் பெருமை. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் போர்த்துக்கேயர் வந்தார், காரின் வால் எங்கே முடிகிறது என்று பார்க்க நடந்தார், நடந்து களைத்துத் திரும்பி வந்து, குப்பைத் தொட்டிகளை மறுபக்கம் தள்ளி வைத்து, "இன்னும் வளருமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். காப்புறுதிக் கம்பனிப் பெண் போனில் எத்தனை சீற் என்று கேட்டபோது அக்கா, "இண்டைக்கோ?" என்று கேட்டார். ஒரு நாள் பொலிஸ்காரர் ஒருவர் மறித்தார், முதல் கதவில் தொடங்கிக் கடைசிக் கதவு வரைக்கும் டோர்ச் அடித்துப் பார்த்தார், எல்லாரும் பெல்ற் போட்டிருந்தோம், எல்லாரும் காலை வணக்கம் சொன்னோம். எதை எழுதுவது என்று தெரியாமல் பேனையை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, பின் விளக்கில் ஒன்று மங்கலாய் எரிகிறது என்று சொல்லி அனுப்பினார். கோயில் ஐயர் காருக்கு மாலை போடுவதற்கு வந்து, கொண்டுவந்த மாலை அதன் நீளத்துக்குக் காணாமல், அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு மாலையோடு வந்தார்.

சண்டையும் வந்தது. யன்னல் கரை யாருக்கு, ஹீற்றர் காற்று யாருக்கு, கருவாட்டுக்குழம்பு கட்டிவந்தவரை எந்த வரிசையில் இருத்துவது என்று மாதக்கணக்காய்ப் பேசினோம். கடைசியில் கருவாட்டுக்கு ஒரு வரிசை ஒதுக்கினோம், அங்கேதான் எப்போதும் கூட்டம்.

ஆனால் சீற் முளைப்பது வேறு, கார் ஓடுவது வேறு. ஜனவரியில் குளிர் இறங்கியபோது பயிற்றங்காய் காலையில் எழும்ப மாட்டேன் என்றது. அன்ரனின் கராஜுக்குள் அதன் முகத்தை மட்டும்தான் நுழைக்க முடிந்தது, உடம்பு வெளியே வீதி நீளத்துக்குப் பனியில் கிடந்தது. அன்ரன் தொப்பியும் கையுறையுமாய் ஒவ்வொரு சீற்றாய்த் தூக்கிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே போனவன் பாதியில் நின்று, "அக்கா, ஓடி வாங்கோ!" என்று கத்தினான். நாங்கள் எல்லாரும் ஓடினோம்.

"இஞ்சை பாருங்கோ. ஒவ்வொரு சீற்றுக்குக் கீழையும் புதுசா ஒரு பற்றறிக் கட்டி. நான் போடேல்லை. வேறை ஆரும் போடேல்லை. வளந்திருக்கு!" அவன் முகம் பெருநாள் காலையில் சின்னப் பிள்ளைக்கு இருப்பதுபோல் இருந்தது. "பழையதுகள்தான் செத்துக்கொண்டு போகுது. புதுசு பச்சைப் பிள்ளை, குளிர் தாங்காது. ரெண்டையும் சேத்துக் காப்பாத்தவேணும்."

காப்பாற்றினோம். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்களுக்கு அதுதான் வேலை, அதுதான் விளையாட்டு. செத்த கட்டிகளைக் கழற்றி, பழைய கார் உடைக்கும் இடத்திலிருந்து அன்ரன் தேடிக்கொண்டு வந்த கட்டிகளைப் பூட்டினான். கட்டிகளை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சையாய்ப் பூத்திருந்த களிம்பை அக்கா தங்கச்சி இரண்டு பேரும் மடியில் வைத்து உரஞ்சி, குத்துவிளக்குப் போல் மினுக்கினார்கள். பற்றறிக்குக் காற்று எடுக்கும் ஓட்டைகளில் அடைத்த நாய்மயிர், கம்பளி நூல், பாண் தூள் எல்லாவற்றையும் வாரத்துக்கு ஒருமுறை வரிசைக்கு ஒருவராய் நின்று உறிஞ்சி எடுத்தோம். காரின் முகத்தில் குளிர்காற்றுப் புகாமல் அட்டை வைத்துக் கட்டினோம். பெரிய பற்றறியை எழுப்புவதற்கென்று ஒரு சின்னப் பற்றறி இருக்கிறதே, அதைக் கழற்றி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சூட்டில் வைத்தோம். எங்கள் வீட்டு முறை வந்த அன்று என் மனுசன் அதைத் துவாயால் சுற்றிக் குசினியில் வைத்து, போகும்போதும் வரும்போதும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். காலையில் அதைத் தூக்கிக்கொண்டு நான் மின்தூக்கியில் இறங்கும்போது, அயல் வீட்டுக்காரர்கள், "எப்பிடி இருக்கு?" என்று விசாரித்தார்கள். "நல்லா நித்திரை கொண்டிச்சு" என்றேன்.

பூட்டி முடித்ததும் அக்கா குஷனில் ஏறி இருந்து, ஸ்டியரிங்கைத் தட்டி, "எழும்பு மோனை" என்பார். திரையில் ஒவ்வொரு கோடாய்ப் பற்றறி ஏறும். வரிசைக்கு வரிசை கைதட்டல் பின்னுக்குப் போகும், கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும்போது நாங்கள் கட்டடத்தை விட்டு வெளியேறியிருப்போம்.

தொழிற்சாலையில் மட்டும் இது பிடிக்கவில்லை. நிமலன் தன் அறை யன்னலால் பார்த்தான், கார் நிறுத்துமிடத்தின் ஒரு கரை முழுக்க எங்கள் பயிற்றங்காய் படுத்திருந்தது. வெளியே வந்தான்.

"ஆன்ரி, ஒரு காருக்கு ஒரு ஸ்பொட். அதுதான் ரூல்."

"இது ஒரு கார்தானே தம்பி" என்றார் அக்கா.

"ஒரு காரெண்டா ஒரு ஸ்பொட்டுக்குள்ளை நிக்கவேணும் ஆன்ரி."

"அப்ப பஸ்ஸை விடும். நான் வீட்டை நிப்பாட்டிப்போட்டு வாறன்."

அவன் சிரிக்கவில்லை, காரை வெளியே எடுக்கச் சொன்னான். அடுத்த நாளிலிருந்து வேலிக்கு வெளியே, அறுவடை முடிந்து பனி மூடிக் கிடந்த சோளக்காட்டோரத்தில் காரை விட்டோம். வேலை முடிந்து களைத்து வந்து, இடுப்பளவு பனியை மண்வெட்டியால் அள்ளி அள்ளித்தான் அதை வெளியே எடுத்தோம். அள்ளும்போது ஒவ்வொரு அள்ளுக்கும் நிமலனின் பெயரைச் சொன்னோம். விமலநாதன் அண்ணை சொன்னதை இங்கே எழுத முடியாது.

பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வானம் பால்போல் வெளுத்துக் கீழே இறங்கியது. வீட்டுக்கு விடச்சொல்லிக் கேட்டோம். கடைசித் தட்டுப் பாண் இறங்கும் வரைக்கும் நிமலன் விடவில்லை. விட்டபோது எதிரில் நிற்கும் ஆளின் தொப்பிகூடத் தெரியவில்லை. அவனுடைய உயரமான புது வாகனம் எங்களைத் தாண்டிச் சீறிக்கொண்டு போனது. நாங்கள் காரை அள்ளி எடுத்து, ஏறி, எண்ணி, கிளம்பினோம். வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்திருப்பார்கள், அது ஒன்றுதான் எல்லாருடைய தலைக்குள்ளும்.

ஹைவேயில் உலகம் முடிந்துபோயிருந்தது. முதலில் ஒரு லொறி குறுக்கே கிடந்தது, பஞ்சாபிக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று கையை ஆட்டினார். அக்கா நிறுத்தினார், கதவு திறந்தது, சீற் இருந்தது. ஏறினார், பெயர் குர்தீப் என்றார், கருவாட்டு வரிசைக்குப் பக்கத்தில் இருத்தினோம். பிறகு ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் ஒரு கிழட்டு நாயும். மூன்று இடம் இருந்தது, மூன்றாவது கொஞ்சம் பதிவாய், நாய்க்கு ஏற்ற உயரத்தில் இருந்தது. பிறகு ஹொக்கி விளையாடப் போன பிள்ளைகளின் வான் ஒன்று பள்ளத்தில் சரிந்து கிடந்தது. பிள்ளைகள் வரிசையாய் மட்டைகளோடு ஏறினார்கள், ஏற ஏறக் கார் நீண்டது, பின்னால் எங்கோ சீற் முளைக்கும் சத்தம், ஈரத் துணியை உதறுவதுபோன்ற ஒரு சத்தம், கேட்டுக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொரு சத்தத்துக்கும் கூவினார்கள்.

அப்போதுதான் சிவப்பு முக்கோணம் எரிந்தது. திரையில் கோடுகள் இறங்கின. எஞ்சின் இருமியது. முன்னால் பெரிய ஏற்றம், ஹார்லோவுக்கும் நகரத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரே ஏற்றம். அக்கா அன்ரனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டார்.

"ஹீற்றரை நிப்பாட்டுங்கோ!" என்று அன்ரன் கத்தினான். "இவ்வளவு சனம் இருக்கு, சனமே ஹீற்றர். சீற்றுக்குக் கீழை காத்து ஓட்டையை ஒருத்தரும் உடுப்பாலை மூடாமல் பாருங்கோ. எப்பிடியாவது ஏத்தத்தைத் தாண்டுங்கோ அக்கா. தாண்டினா பிறகு நீட்டுக்கு இறக்கம். இறக்கத்திலை பிறேக்கை மெல்ல மெல்ல அமத்துங்கோ. எவ்வளவு பாரமோ அவ்வளவு சாப்பாடு அதுக்கு!"

"தாண்டாட்டி?"

"நிப்பாட்டாமல் போங்கோ. நிண்டா திரும்ப எழும்பாது."

ஏறினோம். ஊர்ந்து ஊர்ந்து, ஒவ்வொரு முழமாய். கோடுகள் ஒவ்வொன்றாய் அணைந்தன. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, வெள்ளைக்குள் ஒரு கறுப்பு உருவம். நிமலன். அவனுடைய வாகனம் மூக்குக் கீழே, வால் மேலே பள்ளத்தில் நின்றது. மெல்லிய சப்பாத்தோடு, தொப்பி இல்லாமல், கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு நின்றான்.

"போங்கோ" என்றார் விமலநாதன் அண்ணை. "அன்ரன் சொன்னதுதானே, நிண்டா எழும்பாது. போங்கோ லோசினி!"

அக்காவின் முகத்தை நான் கண்ணாடியில் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கோபம்தான், எங்கள் எல்லாரையும்விடக் கூடின கோபம். கால் பிறேக்குக்குப் போகாமல் அந்தரத்தில் நின்றது. பிறகு அமத்தினார்.

கதவு திறந்தது. சீற் இருக்கவில்லை.

அதுவரைக்கும் அப்படி நடந்ததில்லை. எல்லாரும் பின்னால் திரும்பிப் பார்த்தோம். முன்னிலிருந்து கடைசிவரைக்கும் எல்லாச் சீற்றிலும் ஆள். ஈரத் துணி உதறும் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். காற்றுத்தான் கேட்டது. நிமலன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், உதடு நீலம்.

"பரவாயில்லை ஆன்ரி" என்றான். "நான் டோ ட்ரக்குக்கு வெயிற் பண்ணுறன்."

வண்டியை இழுத்துப்போகும் அந்த டோ ட்ரக் வராது என்று அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.   நான் சொல்வதை நம்புங்கள், அந்தக் காரில் இருந்த எங்கள் தொழிற்சாலைச் சனம் ஒவ்வொருவர் மனதிலும் ஒரு மண்வெட்டியும் ஒரு சோளக்காடும் வந்துபோயின.

பிறகு விமலநாதன் அண்ணை, போங்கோ என்று கத்திய அதே விமலநாதன் அண்ணை, எரிச்சலோடு, யாரையும் பார்க்காமல், "தள்ளி இருங்கோ" என்றார்.

யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. எல்லாரும் தங்களுக்கென்றே எடுத்துக்கொண்டார்கள். நான் நாலு விரல் தள்ளினேன், பக்கத்தில் இருந்தவள் நாலு விரல் தள்ளினாள், சொல் பின்னுக்குப் போனது, தமிழில் போய், அக்கோசுவாவின் பாஷையில் மாறி, நேபாளியில் மாறி, பஞ்சாபியில் மாறி, இங்கிலீஷில் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது. வரிசை வரிசையாய் ஆட்கள் தோளை ஒடுக்கி, பையை மடிக்கு எடுத்து, பிள்ளையை மடிக்கு எடுத்துத் தள்ளிக்கொண்டே போனார்கள். அப்படிச் சேர்ந்த இடமெல்லாம் சேர்ந்து, காரின் கடைசி மூலையில், ஒரு ஹொக்கிப் பிள்ளைக்கும் அந்தக் கிழட்டு நாய்க்கும் நடுவில், ஓராள் இருக்கக்கூடிய ஒரு வெளி திறந்தது.

"பின்னுக்கு இடமிருக்கு" என்றார் அக்கா. "நடந்து போம்."

அவன் நடந்தான். அந்த ஒடுங்கிய பாதையில், தான் பஸ்ஸை நிறுத்திய அத்தனை பேரின் முழங்காலையும் உரசிக்கொண்டு, சரிந்து சரிந்து நடந்தான். ஒருவரும் அவனைத் திட்டவில்லை. அக்கா தங்கச்சியில் மூத்தவள் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் கொடுத்தாள். யாரோ தேத்தண்ணிப் போத்தலை நீட்டினார்கள். கருவாட்டு வரிசையில் ஒருவர், "தம்பி, ஒரு ஆளுக்கு ஒரு ஸ்பொட்" என்றார். சிரிப்பு முன்னுக்கும் பின்னுக்கும் ஓடியது. அவன் தலையைக் குனிந்துகொண்டான், ஆனால் அவனும் சிரித்தான், அல்லது அழுதான், குளிரில் எது எதென்று தெரியவில்லை. போய் இருந்தான். நாய் அவன் மடியில் தலையை வைத்தது.

அக்கா அக்ஸிலரேற்றரை அழுத்தினார். கார் எழும்பவில்லை. திரையில் ஒரு கோடும் இல்லை.

"எழும்பு மோனை" என்றார். எழும்பவில்லை. உச்சி எங்கள் மூக்குக்கு முன்னால், எட்டித் தொடும் தூரத்தில் இருந்தது.

"எல்லாரும் முன்னுக்குச் சரியுங்கோ!" என்று அக்கா கத்தினார். "ஒண்டாய்! நான் சொல்லேக்கை! ஏலேலோ!"

சரிந்தோம். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் முன்னுக்குச் சரிந்து, பின்னுக்கு வந்து, திரும்பச் சரிந்தோம். கார் முனகியது. "ஏலேலோ!" என்று அக்கா, "ஏலேலோ!" என்று ஹொக்கிப் பிள்ளைகள், கிழவனும் கிழவியும் கைபிடித்துக்கொண்டு "ஏலேலோ!", குர்தீப் தொண்டை கிழிய, கடைசி மூலையிலிருந்து எல்லாருக்கும் மேலால் நிமலனின் குரல், அவன் வாயில் அதற்கு முன் ஒருநாளும் வராத சொல், "ஏலேலோ!" முன் சில்லு ஒரு சாண் நகர்ந்தது. இன்னொரு சாண். மூக்கு உச்சியைத் தாண்டியது, கழுத்துத் தாண்டியது, முதல் கதவு தாண்டியது. பிறகு பாதிக் கார் மறுபக்கம் தொங்க, அந்தப் பாரம் மீதிப் பாதியை இழுத்துக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கியது.

"பிறேக்! மெல்ல, மெல்ல!" என்று போனில் அன்ரன்.

அக்கா மெல்ல மெல்ல அமத்தினார். திரையில் ஒரு கோடு எழும்பியது. "ஒண்டு!" என்று நாங்கள் கத்தினோம். எங்கள் எல்லாருடைய பாரமும், சாப்பாட்டுப் பெட்டிகளின் பாரமும், ஹொக்கி மட்டைகளின் பாரமும், நாயின் பாரமும் அந்த நீண்ட இறக்கத்தில் மின்சாரமாய் மாறி, எங்கள் சீற்றுகளுக்குக் கீழே இளம் பற்றறிகளுக்குள் இறங்குவது தொடைக்குத் தெரிந்தது, இளஞ்சூடாய். "ரெண்டு!" என்றோம் தமிழில். "தீன்!" என்றார் குர்தீப். பிறகு ஒவ்வொரு பாஷைக்கும் ஒவ்வொரு கோடு கிடைத்தது. இறக்கம் முடியும்போது திரை நிறைந்து பச்சையாய் நின்றது, எஞ்சின் பூனைபோல் உறுமியது, விமலநாதன் அண்ணை முழங்காலை மறந்து முன் சீற்றில் துள்ளினார்.

அடிவாரத்து ஊரில் சமூக மண்டபம் ஒன்றைத் திறந்து வைத்திருந்தார்கள். சூப்போடு வாசலில் நின்ற அந்த ஊர்ச்சனம், பயறு நிறக் கார் ஒன்று வந்து நிற்பதையும், அதிலிருந்து ஆட்கள் இறங்குவதையும், இறங்குவதையும், இறங்கிக்கொண்டே இருப்பதையும் பார்த்தார்கள். ஒரு அம்மா உள்ளே போய் இன்னொரு பானை வைத்தார். அவ்வளவுதான் அவர்களும் செய்தார்கள். அங்கிருந்து எல்லாரும் வீட்டுக்குப் போன் எடுத்தோம், பிள்ளைகள் எல்லாரும் பத்திரம். நிமலன் கடைசியாய் இறங்கி வந்து லோசினி அக்காவுக்கு முன்னால் நின்றான். 

"குடியும்" என்று அக்கா சூப்பைக் கையில் கொடுத்தார். "ஆறப்போகுது."

மார்ச் மாதம் பஸ் திரும்பி வந்தது. புது பஸ், சூடான பஸ், கண்ணாடியில் தொழிற்சாலையின் பெயர். முதல் நாள் காலை கிட்டத்தட்ட எல்லாரும் ஏறினோம். இவ்வளவு இடம் இருந்தும் பழக்கதோசத்தில் எல்லாரும் ஒரு கரையில் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு இருந்தோம், ஓட்டுநர் கண்ணாடியால் பார்த்துத் தலையைச் சொறிந்தார். விமலநாதன் அண்ணை, பஸ்ஸில் முன் சீற் ஓட்டுநருக்குத்தானே என்று சொல்லி ஏற மறுத்து, காரின் முன் சீற்றிலேயே இருந்துவிட்டார். லோசினி அக்கா காருக்குப் பக்கத்தில் நின்று எங்களுக்குக் கைகாட்டினார். "போட்டு வாங்கோ, இனி நானும் ஒருக்கா ஆறுதலா ஓடிப் பாக்கிறன்" என்றார்.

அடுத்த தரிப்பில் சனம் நின்றது. எங்கள் தொழிற்சாலைச் சனம் இல்லை. கோழி வெட்டும் இடத்துக்கும், தக்காளி வளர்க்கும் கண்ணாடிக் கூடங்களுக்கும் போகிறவர்கள். பனியில் கால்மாற்றிக் கால்மாற்றி நின்றார்கள். அவர்களை ஏற்ற எங்கள் ஓட்டுநருக்கு உத்தரவு இல்லை. பஸ் அவர்களைத் தாண்டியது. நான் பின் கண்ணாடிக்கு ஓடிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் வந்த பயிற்றங்காய் வேகம் குறைந்தது, பக்க விளக்குகள் முன்னிலிருந்து வால் வரைக்கும் ஒவ்வொன்றாய்க் கண் சிமிட்டின, கதவுகள் எல்லாம் ஒன்றாய்த் திறந்தன.

நான் மணியை அடித்தேன்.

"இன்னும் தொழிற்சாலை வரவில்லையே" என்றார் ஓட்டுநர்.

"தெரியும்" என்றேன்.

எனக்குப் பின்னால் அக்கோசுவாவும் எழும்பினாள். இறங்கி, பனியில் விழுந்தெழும்பி இரண்டு பேரும் காரை நோக்கி ஓடினோம். முதலில் கைக்கு எட்டிய கதவால் ஏறினோம். உள்ளே அறியாத முகங்கள், அறியாத பாஷைகள், பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சல், யாரோ பிரித்த சாப்பாட்டின் வாசம். தூரத்தில், எங்கேயோ முன்னால், குஷன்களுக்கு மேலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஆரது, வதனாவோ? கதவைக் கெதியாச் சாத்து பிள்ளை, குளிர் வருது!"